அதிபரின் சேமலாப நிதியும் ஆசிரியையின் சம்பளமும்

மட்டக்களப்பில் ஒரு தனியார் சர்வதேசப் பாடசாலையின் கணக்குப் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. அதிபருக்கு இரண்டு இலட்சம் ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு 8 வீதம், பாடசாலையின் பங்கு 12 வீதம். இரண்டையும் கூட்டினால் மாதம் 40,000 ரூபா அவருடைய கணக்கில் சேரும். அதே பட்டியலில் கீழே, பத்தாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியையின் முழுச் சம்பளம் 28,000. அதிபரின் பிற்காலத்துக்கென்று மாதாமாதம் ஒதுங்கும் காசு, அந்த ஆசிரியை மாதம் முழுக்க உழைத்து எடுக்கும் காசை விடக் கூட.

எண்களைக் கொஞ்சம் உருட்டி முழு எண்ணாக்கியிருக்கிறேன். பாடசாலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஊகிக்கவும் வேண்டாம். வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இதே மாதிரி இடங்களில் வேலை செய்யும் நண்பிகளிடம் கேட்டுப் பார்த்தேன். தொகை ஏறி இறங்கியது, ஆனால் கதை ஒன்றுதான்.

ஏழு மடங்கு வித்தியாசம் என்று கேட்டதும் கோபம் வருவது இயல்பு. எனக்கும் முதல் மாதம் வந்தது. அப்புறம் பட்டியலை மாதாமாதம் போடப் போடத்தான் விளங்கியது, அந்த இரண்டு சம்பளமும் ஒரே கணக்கில் பிறந்தவை அல்ல. அதிபரின் சம்பளத்தைத் தீர்மானிப்பது ஒரு சந்தை, ஆசிரியையின் சம்பளத்தைத் தீர்மானிப்பது இன்னொரு சந்தை. ஒன்றில் வாங்குபவர்தான் கெஞ்சுகிறார். மற்றதில் வாசலில் வரிசை நிற்கிறது.

முதலாவதைப் பார்ப்போம். எங்கள் பக்கத் தனியார் பாடசாலைகளின் அதிபர் பெரும்பாலும் அரசாங்கப் பாடசாலையொன்றை நடத்தி, 60 வயதில் ஓய்வுபெற்று வந்தவர். மாவட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்திருப்பார்கள், மீதிப் பேரின் பிள்ளைகள் படித்திருப்பார்கள். சேர்க்கைக் காலத்தில் பேனரில் அவருடைய படம்தான் பெரிதாகப் போகும். "சேர்ட பேர் இல்லாட்டி அட்மிஷன் வராது" என்று பாடசாலைக் கம்பனியின் பணிப்பாளர் ஒருமுறை என்னிடமே சொன்னார். பொய் இல்லை. புளியந்தீவிலிருந்தும் கல்லடியிலிருந்தும் பெற்றோர் வந்து கேட்கும் முதல் கேள்வி "அதிபர் யார்?" என்பதுதான். ஆக, அந்த இரண்டு இலட்சத்தில் பாதி நிர்வாக வேலைக்கான கூலி, மீதி விளம்பரச் செலவு என்றுதான் நான் வாசித்தேன். அரசாங்க ஓய்வூதியம் அவருக்குத் தனியாக வருகிறது. அதனால் சரிவராவிட்டால் எழுந்து போய்விடலாம். பேரம் பேசத் தெரிந்தவருக்கு அது பெரிய பலம்.

எங்கள் அதிபர் சும்மா கதிரையில் இருந்தவரும் இல்லை. காலையில் எல்லாருக்கும் முன்னால் வாசலில் நிற்பார். எந்த வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு வாசிப்புத் தடுமாறுகிறது என்று சொல்வார். அவருக்கு அந்தச் சம்பளம் கூடுதல் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

இப்போது மற்றச் சந்தை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வருடமும் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். எல்லாருடைய கண்ணும் அரசாங்க நியமனத்தில். 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். அப்படிக் காத்திருக்கிற காலத்தில் சும்மா இருக்க முடியாது. வீட்டில் கேட்பார்கள், ஊரில் கேட்பார்கள். பக்கத்தில் ஒரு தனியார் பாடசாலை, சேலை கட்டிப் போகிற மரியாதையான வேலை, "அனுபவக் கடிதம்" வேறு கிடைக்கும். எவ்வளவு தருவீர்கள் என்று அழுத்திக் கேட்கிற நிலையில் யாரும் வருவதில்லை.

இதில் நிர்வாகத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குள் போய்விட்டால் ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தில் நியமனம் கிடைத்துப் போகும் ஆசிரியைக்குப் பணிக்கொடையும் இல்லை, சம்பள உயர்வும் இல்லை. அவருடைய இடத்துக்கு வருபவர் பழையபடி ஆரம்பச் சம்பளத்தில் தொடங்குவார். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது பிள்ளைகளுக்குக் கூடாது. கணக்குக்கு நல்லது. 2020 இல் அரசாங்கம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பட்டதாரிப் பயிலுநர்களைச் சேர்த்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் பாதி காலியானது. பணிப்பாளர் இரண்டு நாள் பதறினார். மூன்றாம் நாள் விண்ணப்பக் கட்டைப் பார்த்ததும் அமைதியாகிவிட்டார்.

போகாமல் நிற்பவர்களும் உண்டு. அவர்கள்தான் பாடசாலையைத் தூக்கிப் பிடிப்பவர்கள். ஏறக்குறைய எல்லாரும் பெண்கள், கலியாணம் முடித்தவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டால் முதல் காரணம் பிள்ளைகளின் கட்டணம். ஆசிரியையின் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்றால், இரண்டு பிள்ளை இருக்கும் தாய்க்கு அது மாதம் ஆறாயிரம் ரூபா மாதிரி. அது சம்பளச் சீட்டில் ஏறாது, சேமலாப நிதிக்கும் கணக்கில் வராது, ஆனால் ஆளைக் கட்டிப்போடும். பிள்ளை சாதாரண தரம் எழுதும் வரை அசையமாட்டார்.

இரண்டாவது காரணம் எங்கள் ஊருக்கே உரியது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் தகப்பன் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி ஒரு வீடு கட்டி மகளுக்குக் கொடுப்பார்கள், மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் பெரும்பாலும் இதுதான் வழக்கம். அதனால் எங்கள் ஆசிரியைகளில் அனேகமாக யாருக்கும் வீட்டு வாடகை இல்லை. இருபத்தெட்டாயிரம் ரூபாயில் ஒரு பட்டதாரி வாழமுடிகிறது என்றால் அதற்குக் காரணம் அவளுடைய தாய் கட்டிக் கொடுத்த வீடு. கொழும்பிலோ கண்டியிலோ வாடகை கொடுத்து இருப்பவரால் இந்தச் சம்பளத்துக்கு வரவே முடியாது. இப்படி யோசித்துப் பாருங்கள்: ஆரையம்பதியில் ஒரு தாய் காப்புச் சங்கிலியை விற்றுக் கூரை வளை ஏற்றிய வீடு, கம்பனியாகப் பதிவு செய்த ஒரு பாடசாலைக்கு மாதாமாதம் மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தாய்க்கு அது தெரியாது. நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். சம்பள உயர்வு கேட்டு வந்த ஒருவரிடம் "வீடு வாசல் இருக்குத்தானே மிஸ், ஹஸ்பண்டும் கட்டார்ல" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அதிபருக்கும் சொந்த வீடு இருந்தது. அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

2022 இல் இது உச்சத்துக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். மா, காஸ், பஸ் கட்டணம் எல்லாம் ஏறி நின்ற நேரம். ஆசிரியர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஆளுக்கு 2,000 ரூபா கேட்டார்கள். "மறுகா பாப்பம்", அதாவது பிறகு பார்ப்போம், என்றது நிர்வாகம். 2023 ஜனவரியில் புதிய வருமான வரி வந்தது. மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு வரி, இரண்டு இலட்சத்துக்கு 10,500 ரூபா. அதிபரின் சம்பளத்தில் நான்தான் அதைப் பிடித்தேன். அவர் முகம் சுருங்கியது, அதில் நியாயமும் இருந்தது. அடுத்த மாதமே அவருக்கு "எரிபொருள் கொடுப்பனவு" என்று 10,000 ரூபா புதிதாக முளைத்தது. கேட்டவுடன் கிடைத்தது என்றுகூடச் சொல்லமுடியாது, அவர் கேட்கவேயில்லை. மறுகா என்பது மற்ற எல்லாருக்கும்தான்.

கொடுப்பனவு என்றதும் இன்னொன்று. ஆசிரியையின் 28,000 இல் அடிப்படைச் சம்பளம் 15,000 தான். மீதியெல்லாம் போக்குவரத்துக் கொடுப்பனவு. வேதனத்தோடு வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, உணவுக் கொடுப்பனவு போன்றவற்றையும் சேர்த்துத்தான் சேமலாப நிதியைக் கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பயணச் செலவு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மதிலுக்கு அடுத்த வளவிலிருந்து நடந்து வரும் ஆசிரியைக்கும் எங்கள் பட்டியலில் பதின்மூவாயிரம் ரூபா போக்குவரத்து. அவர் நடந்து வந்த தூரத்துக்கு மீற்றர் கணக்கில் பார்த்தால் உலகத்திலேயே விலைகூடிய பயணம் அதுதான். அதிபரின் இரண்டு இலட்சமோ முழுவதும் அடிப்படைச் சம்பளம். எனவே சம்பளத்தில் ஏழு மடங்கு என்று நான் ஆரம்பத்தில் சொன்ன வித்தியாசம், சேமலாப நிதியில் பதின்மூன்று மடங்கு: அவருக்கு 40,000, இவருக்கு 3,000. வேலை செய்யும் காலத்தில் இருக்கும் இடைவெளி வயதுபோன காலத்தில் இன்னும் விரியும்படிதான் இந்தப் பட்டியல் போடப்பட்டிருக்கிறது.

சரி, அதிபரின் சம்பளத்தைக் குறைத்தால் ஆசிரியருக்குக் கூட்டலாமா? இதை நான் உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியாக்கினால் ஓர் இலட்சம் மிஞ்சும். முப்பது ஆசிரியர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,333 ரூபா. நல்லதுதான், ஆனால் அதோடு முடிந்தது. மறுபக்கம் பாருங்கள். நானூறு பிள்ளைகள், ஆளுக்கு மாதம் ஆறாயிரம் என்றால் வரவு 24 இலட்சம். முப்பது ஆசிரியர்களின் சம்பளம் எட்டரை இலட்சத்துக்குள். முப்பது பேருக்கும் 5,000 ரூபா கூட்டி, பாடசாலையின் 12 வீதத்தையும் வேலை கொடுப்பவரே கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதத்தையும் ஒழுங்காகக் கட்டினாலும் மேலதிகச் செலவு 172,500 ரூபா. பிள்ளை ஒன்றுக்கு 430 ரூபா சொச்சம். கட்டட வாடகை, மின்சாரம், வான், கடன் எல்லாம் எனக்கும் தெரியும், அந்த வவுச்சர்களையும் நான்தான் எழுதினேன். அதெல்லாம் போயும் மிஞ்சும் தொகை அதிபரின் சம்பளத்தைப் போல் சில மடங்கு. எங்கள் பக்கச் சின்னப் பாடசாலைகளில் பணிப்பாளர் ஒருவர், அவருடைய மனைவி நிர்வாகப் பணிப்பாளர், மச்சான் போக்குவரத்துப் பொறுப்பு. அவர்கள் எடுப்பது சம்பளப் பட்டியலிலேயே வராது. ஆசிரியர் அறையில் எல்லாரும் அதிபரைத்தான் திட்டுவார்கள், கண்ணுக்குத் தெரிகிற பெரிய சம்பளம் அவருடையது என்பதால்.

அரசாங்கப் பக்கத்தில் இப்படி இல்லை. அங்கே பிரச்சினையே இல்லை என்று சொல்லவில்லை. 1997 இல் தொடங்கிய சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி அதிபர்களும் ஆசிரியர்களும் 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினார்கள். முழுமையாகத் தீரவில்லை என்று 2024 ஜூனிலும் சுகவீன விடுமுறைப் போராட்டம் நடந்தது. நான் கவனித்தது வேறொன்றை. அந்தப் போராட்டத்தில் அதிபரும் ஆசிரியரும் ஒரே பக்கம் நின்றார்கள். நிற்கமுடிந்தது ஏனென்றால் இரண்டு சேவையின் சம்பளத் திட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆசிரியர் சேவையில் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு என்று ஏறலாம். முதலாம் வகுப்பு மூத்த ஆசிரியர் ஒருவரின் சம்பளம் புதிதாக வந்த அதிபரின் சம்பளத்துக்கு அருகில் நிற்கும். அதிபரும் ஆசிரியராக இருந்து பரீட்சை எழுதி வந்தவர். 2021 இல் தனியார் பாடசாலைகள் சூமில் படிப்பித்துக்கொண்டிருந்தன. எங்கள் ஆசிரியர்களுக்கு அந்தச் சமயம் பாதிச் சம்பளம், டேட்டாவும் அவர்களுடைய காசு.

தனியார் பாடசாலை என்றால் எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்லமுடியாது. அரசாங்கம் 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரைக்கும் எங்கள் மாவட்டத்தின் பெரிய பள்ளிகள் மிஷன்களிடம்தான் இருந்தன. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1929 இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அவர் இராமகிருஷ்ண மிஷன் துறவி. நகரத்துக்குள் புனித மிக்கேல் கல்லூரியை நடத்தியவர்கள் இயேசு சபைக் குருமார், வறுமை விரதம் எடுத்தவர்கள். அதாவது, ஒரு காலத்தில் மட்டக்களப்பில் பாடசாலையின் தலைமைக் கதிரையில் இருந்தவர்களில் பலர் தங்களுக்கென்று சம்பளம் சேர்க்காதவர்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு நன்கொடை வந்தது. அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்கவில்லை. மதம், சாதி பார்த்து நியமனம் நடந்த கதைகள் அப்பாவின் காலத்து ஆட்களிடம் இன்னும் இருக்கின்றன. துறவியைத் தேடி இன்றைக்குப் பாடசாலை நடத்தவும் முடியாது. தலைவரின் சம்பளம் ஆசிரியரைப் போல் ஏழு மடங்கு இருந்தால்தான் பள்ளிக்கூடம் நடக்கும் என்பது இந்த மண்ணின் பழைய விதி இல்லை, அவ்வளவுதான்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016 இல் 10,000 ரூபா, 2021 இல் 12,500, 2024 இல் 17,500. பிறகு ஒரே தாவலாக 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. தனியார் பாடசாலைக்கும் இது பொருந்தும். பலர் சந்தோசப்பட்டார்கள். நானும்தான். ஆனால் சட்டம் தொடுவது அடிமட்டத்தை மட்டும். இப்போதும் அங்கே இருக்கும் ஒரு தோழி சொன்னாள்: நேற்று வந்தவருக்கும் 30,000, பன்னிரண்டு வருடமாக நிற்கிற அவளுக்கும் 31,500. போக்குவரத்துக் கொடுப்பனவு என்ற வித்தை அடிப்படைச் சம்பளத்துக்குள் கரைந்துபோனது, அது நல்லது. கூடவே அனுபவத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச வித்தியாசமும் கரைந்துபோனது. முப்பதாயிரத்துக்கும் இரண்டு இலட்சத்துக்கும் நடுவில் யாருமே இல்லை. பகுதித் தலைவர், ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியர், பரீட்சைப் பொறுப்பாசிரியர் என்று பதவிகள் உண்டு, அவற்றுக்குக் கிடைப்பது பரிசளிப்பு விழாவில் மேடையில் ஒரு கதிரை. இதே நேரத்தில் அரசாங்க ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆக, 2027 வரை கட்டம் கட்டமாக உயர்த்த 2025 வரவு செலவுத் திட்டம் தீர்மானித்தது. வாசலில் நிற்கும் வரிசை அரசாங்கத்தை இன்னும் ஏக்கத்தோடு பார்ப்பதில் ஆச்சரியம் என்ன?

வெளிநாட்டில் இந்த வித்தியாசம் இல்லையா என்றால், இருக்கிறது, சில இடங்களில் இன்னும் மோசம். ஆனால் அமெரிக்காவில் இலாப நோக்கமற்ற தனியார் பாடசாலை வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் 990 ஆம் படிவத்தில் தலைவரின் சம்பளம் இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். தேவாலயங்கள் நடத்தும் பாடசாலைகள் பலவற்றுக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்தில் தனியார் பாடசாலைகளில் கணிசமானவை அறநிறுவனங்கள். 60,000 பவுணுக்கு மேல் எடுக்கும் ஊழியர் எத்தனை பேர் என்று அவை ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும். இங்கே சர்வதேசப் பாடசாலை என்பது கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகும் ஒரு வியாபாரம். எங்கள் நியமனக் கடிதத்தில் சம்பளத்தைச் சக ஊழியருக்குச் சொல்லக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. முப்பது பேரும் ஏறக்குறைய ஒரே தொகையை ஆளுக்காள் ஒளித்துக்கொண்டு திரிந்தார்கள்.

வேலையை விடுவதற்கு முந்தின வருடம் ஒரு பக்கத்தில் ஒரு சம்பளத் திட்டம் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். வருடத்துக்கு 1,500 ரூபா உயர்வு, பொறுப்புப் பதவிக்கு 5,000, ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒரு பாய்ச்சல், எல்லாம் எழுத்தில். அதிபர் வாசித்துவிட்டு ஓரத்தில் "சிபாரிசு செய்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பணிப்பாளர் அதைக் கோப்பில் போட்டார். இன்றைக்கும் கோப்பில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தனியார் பாடசாலையில் படிப்பிப்பவர் யாராவது இதை வாசித்தால், ஒரு வேலை செய்யுங்கள்: சேமலாப நிதி உங்கள் பெயரில் உண்மையில் கட்டப்படுகிறதா, எந்தத் தொகைக்குக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட இடங்கள் உண்டு. ஓர் ஆள் வேலை செய்தாலும் கட்டத்தான் வேண்டும், "வருகைதரு ஆசிரியர்" என்று பெயர் மாற்றினால் சட்டம் மாறாது. தாமதத்துக்கு மேலதிகக் கட்டணம் விழும் என்பதால் தொழில் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் நிர்வாகங்கள் அசையும்.

பெற்றோருக்கும் ஒன்று. சேர்க்கைக்குப் போகும்போது அதிபர் யார் என்று கேட்பதோடு, இங்கே ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். போன டிசம்பரில் என் மச்சாள் அப்படித்தான் ஒரு பாடசாலையில் போய்க் கேட்டிருக்கிறார். மேசையில் இருந்த பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "தெரியா மிஸ், நானே இந்த மாசந்தான் வந்தநான்."